சிப்பாயின் மனச்சாட்சி எங்கே?

ஆசிரியருக்கு,

போர்ப் படம் என்றால் குண்டுச் சத்தமும் கொடியும் போதும் என்று படம் எடுப்பவர்கள் நினைக்கிறார்கள் போலும். அந்தப் படங்களில் உடுப்பும் துப்பாக்கியும் அச்சொட்டாக இருக்கின்றன. உள்ளே இருக்கும் மனிதனைத்தான் காணவில்லை.

அமெரிக்க இயக்குநர் ஒலிவர் ஸ்டோன் வியட்நாம் போரில் தானே சிப்பாயாக இருந்தவர். 1986 இல் வந்த அவருடைய ‘பிளட்டூன்’ படத்துக்காக நடிகர்களுக்கு பிலிப்பைன்ஸ் காட்டில் இரண்டு வாரம் பயிற்சி கொடுத்தார்கள். அந்தக் களைப்பு முகத்தில் தெரியும். ஆனால் என்னை உலுக்கியது, ஒரு கிராமத்துக்குள் புகுந்ததும் ஒரே அணி இரண்டாகப் பிளக்கும் காட்சி. ஒரு சார்ஜன்ட் அப்பாவிப் பெண்ணைச் சுடுகிறார். இன்னொரு சார்ஜன்ட் அவர்மேல் பாய்கிறார். கதை சொல்லும் பொடியனும் சுத்தமானவன் இல்லை. ஒற்றைக்கால் மனிதனின் காலடியில் சுட்டு மிரட்டியவன், அப்புறம் சிறுமிகளைக் காப்பாற்ற ஓடுகிறான். (வியட்நாமியருக்கு அதில் குரலே இல்லை என்பது வேறு விஷயம்.)

சரி, இங்கே இலங்கையில்? இயக்குநர் பிரசன்ன விதானகேயின் ‘புரஹந்த களுவர’ போர்க்களத்தைக் காட்டாத படம். சிப்பாயான மகன் இறந்ததை நம்ப மறுக்கும் பார்வையற்ற தகப்பனின் கதை, அவ்வளவுதான். அதையே 2000 இல் திரையிட விடவில்லை. உயர் நீதிமன்றம் வரை போகவேண்டி வந்தது.

இப்படியான சிங்களப் படங்களைக் கொழும்புத் திரையரங்குகளில் தமிழ் உபதலைப்புடன் மீண்டும் காட்டலாமே. உங்கள் சினிமாப் பக்கத்திலும் நட்சத்திரச் செய்திகளைக் கொஞ்சம் குறைத்து இவற்றைப் பற்றி எழுதுங்கள்.

வாசகர் ஒருவர்,
வெள்ளவத்தை, கொழும்பு 6