கடைசித் தேதியையும் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வெளிநாட்டுப் படிப்புக்கான உதவித்தொகைகளைச் சென்ற இதழில் பட்டியலிட்டிருந்தீர்கள். நல்ல பட்டியல்தான். ஆனால் ஒன்றுக்குக்கூடக் கடைசித் தேதி இல்லை. என் அக்கா மகள் கோட்டைவிட்டது அந்தத் தேதியில்தான்.

அவளுக்கு மார்ச் மாதம் பிரிட்டனில் முதுகலைக்கு இடம் கிடைத்தது. சரி, இனி பணத்துக்கு வழி பார்ப்போம் என்று உட்கார்ந்தால், பிரிட்டன் அரசு தரும் செவனிங் உதவித்தொகைக்கான விண்ணப்பம் முந்தைய அக்டோபரிலேயே முடிந்திருந்தது. அதற்குத் தேவையான இரண்டு ஆண்டு வேலை அனுபவம் அவளிடம் இருந்தது. விண்ணப்பிக்கும்போது கையில் இடம் இருக்க வேண்டும் என்பதும் இல்லை. மூன்று படிப்புகளைக் குறிப்பிட்டால் போதும், அனுமதிக் கடிதத்தை அப்புறம் காட்டலாம். முதலில் இடம், பிறகு பணம் என்று நாங்களாகவே நினைத்துக்கொண்டிருந்தோம். ஐரோப்பிய ஒன்றியத்தின் முதுகலைத் திட்டமான எராஸ்மஸ் முண்டஸில் இடம், பணம் இரண்டுக்கும் சேர்த்தே விண்ணப்பிக்கலாம். கிடைத்தால் கல்விக் கட்டணம் கிடையாது, மாதம் 1,400 யூரோவும் தருகிறார்கள். அதுவும் பெரும்பாலும் அக்டோபரிலிருந்து ஜனவரிக்குள் முடிந்துவிடும். இதற்கெல்லாம் ‘பதிவுக் கட்டணம்’ என்று எங்களிடம் ஒரு முகவர் பணம் கேட்டார். இந்த இரண்டுக்கும் விண்ணப்பிக்கப் பைசா தேவையில்லை.

கடைசி நேரத்தில் வேறொரு உதவித்தொகைக்கு முயன்றோம். பரிந்துரைக் கடிதத்துக்குப் பேராசிரியருக்கு மூன்று நாள்தான் கொடுத்தோம். பாவம், அவரும் நான்கு வரி எழுதினார்: கெட்டிக்காரி, ஒழுக்கமானவள், வகுப்புக்குத் தவறாமல் வருவாள். இதை வைத்து யார் பணம் கொடுப்பார்கள்?

பட்டியலில் விடுபட்ட இன்னொன்று. முனைவர் பட்டத்துக்குப் போகிறவர்கள் ‘உதவித்தொகை’ என்று மட்டும் தேடினால் பாதி வாய்ப்பு கண்ணில் படாது. ஸ்வீடனிலும் நார்வேயிலும் அது பெரும்பாலும் சம்பள வேலை. பல்கலைக்கழகத்தின் வேலைவாய்ப்புப் பக்கத்தில்தான் விளம்பரம் வரும். அமெரிக்காவில் பல துறைகள் கற்பித்தல் உதவியாளர், ஆய்வு உதவியாளர் என்று எடுத்துக்கொண்டு கட்டணத்தையும் தள்ளுபடி செய்துவிடுகின்றன. ஜெர்மனி இலவசம் என்று எழுதியிருந்தீர்கள். அரசுப் பல்கலைக்கழகங்களில் பொதுவாக அப்படித்தான். ஆனால் பாடன்-வூர்ட்டம்பர்க் மாநிலம் 2017 முதல் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வரும் மாணவர்களிடம் பருவத்துக்கு 1,500 யூரோ வாங்குகிறது.

அக்கா மகள் மறுபடி விண்ணப்பிக்கிறாள். இந்த முறை பேராசிரியருக்கு ஐந்து வாரம் கொடுத்து, தன் ஆய்வேட்டின் சுருக்கத்தையும் சேர்த்து அனுப்பியிருக்கிறாள். அடுத்த பட்டியலில் ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் கடைசி மாதத்தையாவது போட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்