மாட்டை விரட்டினால் மட்டும் கார்பன் பணம் வராது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தோட்டத்து ஓரம் மாடு மேயும் நிலத்தைக் காடாக விட்டு, கார்பன் கிரெடிட் (மரங்கள் உள்வாங்கும் ஒரு டன் கரியமிலவாயுவுக்கு ஒன்று என்று தரப்படும் சான்று) விற்றுப் பணம் பார்க்கலாம் என்ற பேச்சு மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட் பக்கம் அடிபடுகிறது. காடு வரும். பணம் வருமா என்பது வேறு கணக்கு.

ஆஸ்திரேலியாவில் இதற்கென்றே ஒரு விதிமுறை இருந்தது. மேய்ச்சலைக் குறைத்து, மரங்கள் 2 மீட்டர் உயர்ந்து நிலத்தில் 20 விழுக்காட்டை மூடும்படி வளரவிட்டால் கிரெடிட். வறண்ட பண்ணைகள் நிறைய சேர்ந்தன. அங்கே மரம் தழைப்பதும் கருகுவதும் பெரும்பாலும் மழையால், மாட்டால் அல்ல என்று பேராசிரியர் ஆண்ட்ரூ மெக்கின்டோஷ் 2022இல் கிளப்பிய சர்ச்சையில் மறு ஆய்வு நடந்தது. 2023 செப்டம்பரோடு அந்த முறையில் புதிய திட்டங்கள் சேர்வது முடிந்தது. நமக்கு மழைப் பஞ்சமில்லை. இங்கே காட்டைத் தடுப்பவை மாடும் லாலாங் புல்லும் தீயும்தான். அதனால் மாட்டை விலக்கியதால்தான் காடு வந்தது என்ற நம் பக்க வாதம் வலுவானது, ஆனால் அதை நிரூபிக்க வேலி போடுவதற்கு முன்பே நிலத்தை அளந்து படமெடுத்து வைத்திருக்க வேண்டும்.

மாடு போனதும் முதலில் எழுவது லாலாங். பாராங் கத்தியால் வெட்டினால் கிழங்கிலிருந்து இன்னும் அடர்த்தியாகத் துளிர்க்கும். ஒரு மீட்டர் வளர்ந்ததும் பலகையால் மிதித்துச் சாய்த்துவிடுவதே மேல். சாய்ந்த புல் தன் நிழலிலேயே சோர்ந்துவிடும், தீயும் தாழ்வாகவே ஓடும். அதற்கு முன் புல்லுக்குள் ஒளிந்திருக்கும் மரக்கன்றுகளைத் தேடிக் குச்சி நட்டு, சுற்றிலும் அரை மீட்டர் களை எடுக்க வேண்டும். 15 செ.மீ.க்கு மேல் உயர்ந்த கன்றுகள் ஹெக்டருக்குச் சில நூறு இருந்தால் நடவுச் செலவு பெரும்பாலும் மிச்சம். மகாங், லெபான் போன்ற மரங்களின் விதைகளைப் பறவைகளே கொண்டு வரும். மெராந்தி மரம் அப்படி வராது, அதன் விதை தாய்மரத்தை விட்டு அதிக தூரம் போகாது, காய்ப்பதும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறைதான். நிழல் விழுந்த பிறகு நட வேண்டியதுதான். தானாக முளைத்த செம்பனையையும் அக்காசியாவையும் பிடுங்காமல் விட்டுவிட்டு அதை இயற்கைக் காடு என்பது ஏமாற்று.

கணக்கு இப்படி: 1.3 மீட்டர் உயரத்தில் மரத்தின் சுற்றளவை அளந்து காய்ந்த எடையைக் கணிப்பார்கள். அதில் ஏறக்குறைய 47 விழுக்காடு கார்பன். 44/12ஆல் பெருக்கினால் கரியமிலவாயு. ஹெக்டருக்கு 100 டன் காய்ந்த எடை சேர்ந்தால் சுமார் 172 டன், அதாவது 172 கிரெடிட். முழுவதும் கைக்கு வராது. ஏற்கனவே நின்ற மரம் கழியும். தீ ஆபத்துக்கென ஒரு பங்கைப் பிடித்து வைப்பார்கள். விரட்டிய மாட்டுக்காக வேறெங்காவது காடு அழிந்தால் அதுவும் கழியும்.

மாட்டுக்காரர்களில் பலருக்குத் தோட்ட நிர்வாகத்தின் வாய்மொழி அனுமதியைத் தவிர எந்தக் காகிதமும் இல்லை. அவர்களுக்கு மாற்று மேய்ச்சலோ வருமானத்தில் பங்கோ தராமல் முள்கம்பி கட்டினால், ஒரே இரவில் அறுந்து கிடக்கும். அவர்களையே தீக்காவலுக்குச் சம்பளத்தில் அமர்த்துவது புத்திசாலித்தனம்.

நிலம் மாநில அரசின் அதிகாரத்தில் இருக்கிறது. கிராண்டில் (நிலப் பட்டாவில்) விவசாயம் என்று நிபந்தனை இருந்தால், காடாக விட நில அலுவலகத்தின் எழுத்துபூர்வப் பதிலை வாங்குங்கள். கிரெடிட்டுக்குச் சான்று தரும் வெர்ரா அமைப்பின் தரத்தில் இத்தகைய திட்டம் குறைந்தது 40 ஆண்டு நிற்க வேண்டும். கையெழுத்துப் போடும் முன் குத்தகையில் எத்தனை ஆண்டு மீதி என்று பாருங்கள்.

வாசகர்,
சுங்கை சிப்புட், பேராக்.