கடலை இழுக்காத நிலா

ராமநாதபுரம் மாவட்டக் கடலோரப் பள்ளிகளின் அறிவியல் ஆசிரியர்களுக்கு,

வணக்கம். பாம்பனிலிருந்து எழுதுகிறேன். அப்பா நாட்டுப்படகில் தொழிலுக்குப் போகிறவர். நான் இயற்பியல் படித்தவள். பிளஸ் ஒன் படிக்கும் என் தம்பி பழைய லேப்டாப்பில் ‘கெர்பல் ஸ்பேஸ் புரோகிராம்’ விளையாடுகிறான். மெக்சிகோவின் ஸ்குவாட் நிறுவனம் 2011-இல் வெளியிட்ட விளையாட்டு அது. ராக்கெட்டை நாமே பூட்டி, கெர்பின் என்ற கோளிலிருந்து ஏவ வேண்டும். "கேம் ஆடியே கெட்டுப்போகிறான்" என்று வகுப்பில் அவனுக்குத் திட்டு விழுந்தது. அதே விளையாட்டை வகுப்புக்குள் கொண்டுவாருங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

கெர்பினின் ஆரம் 600 கி.மீ.; பூமிக்கு 6,371. ஆனால் தரையில் ஈர்ப்பு இரண்டிலும் ஒன்றே. அப்படியானால் கெர்பினின் அடர்த்தி தங்கத்தைப் போல மூன்று மடங்கு இருக்க வேண்டும். அப்படிப்பட்ட பாறையோ உலோகமோ நாம் அறிந்த எந்தக் கோளிலும் கிடையாது. இந்த ஒரு கணக்கே ஒரு பாடவேளைக்குப் போதும்.

கெர்பினின் நிலவுக்கு மன் என்று பெயர். வெறும் 12,000 கி.மீ. தூரத்தில் சுற்றுகிறது, நம் நிலா 3,84,400. ஒரு ராத்திரி தம்பி கேட்டான்: "அக்கா, மன் இவ்வளவு பக்கத்துல இருக்கே, கடல் ஏன் ஏறவும் இல்ல, வத்தவும் இல்ல?"

கரையில் நிற்கும் படகைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்குத்தான் இந்தக் கேள்வி வரும். நான் அசந்துபோனேன். இருவரும் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். மன் உண்மையிலேயே கடலை இழுத்தால், ஏற்றம் நம் நிலா எழுப்புவதைப் போல ஏறக்குறைய நான்கு மடங்கு இருக்கும். கெர்பினில் ஒரு நாளுக்கு ஆறே மணி நேரம். அதனால் ஓர் ஏற்றத்துக்கும் அடுத்ததற்கும் இடையே சுமார் மூன்றரை மணி. நமக்கோ 12 மணி 25 நிமிடம். கேட்டுக்கொண்டிருந்த அப்பா, "அப்ப படக எங்க கட்டுறது?" என்றார்.

விளையாட்டில் மன் கடலை இழுக்காததற்குக் காரணம் எளிது. அந்த விளையாட்டு, ஒரு நேரத்தில் ஒரு கோளின் ஈர்ப்பை மட்டுமே ராக்கெட்டுக்குக் கணக்கில் எடுக்கும். மன்னின் எல்லைக்குள் போனால் மன் மட்டும், வெளியே வந்தால் கெர்பின் மட்டும். கடலுக்கு எந்த இழுப்பும் இல்லை. நிலாவைப் பார்த்த பக்கத்துக்கும் மறுபக்கத்துக்கும் உள்ள இழுப்பு வித்தியாசத்தில்தான் ஓதம், அதாவது கடலின் ஏற்றமும் வற்றமும், பிறக்கிறது. அதற்கு அங்கே இடமே இல்லை. சூரியனை ஆராயும் நம் விண்கலம் ஆதித்யா-எல்1 2024 ஜனவரி 6 அன்று போய்ச் சேர்ந்த, பூமியிலிருந்து 15 லட்சம் கி.மீ. தொலைவிலுள்ள எல்1 என்ற புள்ளியைப் போன்றதும் அங்கே கிடையாது. சூரியன், பூமி இரண்டின் இழுப்பும் சேர்ந்து அமைவது அது.

ஒன்று செய்யுங்கள். பவுர்ணமியன்று அளவு குறித்த கம்பை நட்டு, பிள்ளைகளை மணிக்கொருமுறை நீர்மட்டம் எழுத வையுங்கள். அடுத்த அஷ்டமியில் திரும்ப எழுதட்டும். நம் பக்கம் ஏற்றம் ஒரு மீட்டருக்கும் குறைவுதான், காற்றும் மட்டத்தை மாற்றும். அதனால் கோடுகளை நெருக்கமாகப் போட்டு, காற்றையும் குறிக்கச் சொல்லுங்கள். வடகடலில் (பாக் விரிகுடா) ஒன்று, தென்கடலில் (மன்னார் வளைகுடா) ஒன்று என்று நட்டால் இரண்டும் ஒரே நேரத்தில் ஏறுகின்றனவா என்று அவர்களே கண்டுபிடிப்பார்கள். பிறகு லேப்டாப்பைத் திறந்து கெர்பினின் கடலைக் காட்டுங்கள்.

கம்பு எங்கள் வீட்டில் இருக்கிறது. முந்தின நாள் சொல்லியனுப்பினால் போதும், அப்பா கரைக்கு வந்துவிடுவார்.

அன்புடன்,
பாம்பனிலிருந்து ஒரு மாணவனின் அக்கா