‘அவசியம் படியுங்கள்’ அட்டையை மாற்றி எழுதுங்கள்

பிரிட்டனின் பொது நூலகங்களில் வாசிப்புக் குழு நடத்துவோருக்கும், முன்மேசையில் அவர்களுக்காகப் புத்தகம் அடுக்கும் நூலகர்களுக்கும்,

வணக்கம். ‘இன்றைய பிரிட்டிஷ் எழுத்து’ என்று மேசை போட்டு, ஒவ்வொரு நூலிலும் ஓர் அட்டை செருகுகிறீர்கள். பரிசின் பெயர், ஆண்டு, ‘அற்புதம், அவசியம் படியுங்கள்’. இதை நம்பி எடுத்துப் போன நூல் அறுபதாம் பக்கத்தில் சீட்டு செருகியபடியே திரும்பி வருகிறது. எங்கே வழுக்கும் என்று அட்டை சொல்லியிருந்தால் அந்த வாசகர் தாண்டிப் போயிருப்பார்.

ஹிலரி மேன்டலின் ‘வுல்ஃப் ஹால்’ நாவலையே (2009) எடுத்துக்கொள்ளுங்கள். ஏறத்தாழ 650 பக்கம். மாதம் ஒரு கூட்டம் என்றால் நாளுக்கு 22 பக்கம். வேலைக்குப் போகிறவரால் ஆகாது, இரண்டு மாதம் கொடுங்கள். ஆனால் நீளத்தைவிட ஆளைத் தடுக்கிவிடுவது ஒரே ஒரு சொல்: ‘ஹீ’. பெயரில்லாமல் ‘ஹீ’ வந்தால் பெரும்பாலும் அது கதையின் நாயகன், எட்டாம் ஹென்றி அரசனின் அமைச்சரான தாமஸ் குரோம்வெல். முந்தின வரியில் பேசியது கார்டினல் உல்சியாக இருந்தாலும் அப்படித்தான். இலக்கணத்தை நம்பிப் போகிறவர் பக்கத்துக்கு மூன்று தடவை பின்னால் போய்த் தேடுவார். (தமிழில் அவன், அவர் என்று பிரித்துப் பாதிச் சிக்கலை அவிழ்த்துவிடலாம். ஆங்கிலத்துக்கு அந்த வசதி இல்லை.) போதாததற்கு உல்சி, மோர், கிரான்மர், ஆன் போலினின் தந்தை, நார்ஃபோக் கோமகன் எல்லோருமே தாமஸ்! காலமும் நேராக ஓடாது. 1500இல் லண்டனை ஒட்டிய பட்னி என்ற ஊரில் சிறுவன் குரோம்வெல்லைத் தகப்பன் உதைக்கிறான்; அடுத்த இயல் 1527; பிறகு 1529, அங்கிருந்து 1521. நூலின் முகப்பிலேயே பாத்திரப் பட்டியலும் வம்சாவளியும் இருக்கின்றன. அந்தப் பக்கங்களை நகலெடுத்து ஒவ்வொரு பிரதியிலும் வைத்துக் கொடுங்கள். மின்நூலில் முன்னும் பின்னும் புரட்டுவது தொல்லை என்பதால், இந்த ஒரு நூலுக்கு அச்சுப் பிரதிதான் சரி.

சமந்தா ஹார்வியின் ‘ஆர்பிட்டல்’ (2024 புக்கர் பரிசு) நேர் எதிர். 136 பக்கம்தான், ஆனால் ‘ஒன்றுமே நடக்கவில்லை’ என்ற புகாரோடு திரும்பும். விண்வெளி நிலையத்தில் ஆறு பேர், ஒரே நாள், பூமியைப் பதினாறு முறை சுற்றுகிறார்கள். கீழே ஒரு சூறாவளி திரள்கிறது. அவ்வளவே. ஒரே மூச்சில் முடிக்கலாம் என்று சின்ன நூலாகப் பார்த்து எடுப்பவருக்குச் சலிக்கும்; ஓர் அமர்வுக்கு இரண்டு சுற்று என்று படித்தால் மனதில் நிற்கும்.

டக்ளஸ் ஸ்டூவர்ட்டின் ‘ஷகி பெயின்’ (2020 புக்கர்) நாவலில் கதை சொல்லும் ஆங்கிலம் எளிதுதான், உரையாடல்தான் கிளாஸ்கோ பேச்சு. ஸ்காட்லாந்தில் ‘கிரீட்’ என்றால் வரவேற்பதல்ல, அழுவது. ‘வெய்ன்’ என்றால் குழந்தை. வாய்விட்டுப் படித்தால் பாதி புரிந்துவிடும், ஒலிநூல் இன்னும் நல்லது. தாயின் குடிநோய்தான் நூல் முழுக்க. அதை அட்டையில் மறைக்காதீர்கள்.

புனைவல்லாதவற்றில் தவறு வேறு விதம்: அலமாரியே பொய் சொல்லும். ஹாலி ரூபன்ஹோல்டின் ‘தி ஃபைவ்’ (2019) குற்றக்கதைகளுக்குப் பக்கத்தில் இருந்தால், 1888 லண்டன் ‘ஜாக் தி ரிப்பர்’ கொலைகளைத் துப்பறிய வருகிறவர் ஏமாந்து போவார். கொலையாளி யார் என்பது அதில் பேச்சே இல்லை. கொல்லப்பட்ட ஐந்து பெண்களும் எப்படி வாழ்ந்தார்கள் என்பதுதான். சமூக வரலாற்றில் வையுங்கள். ராபர்ட் மக்ஃபர்லேனின் ‘இஸ் எ ரிவர் அலைவ்?’ (2025) மூன்று நாட்டு ஆறுகளைப் பற்றியது: ஈக்வடோர், இந்தியா, கனடா. நடுவிலுள்ள இந்தியப் பகுதியிலிருந்து தொடங்கினாலும் கெடாது. லண்டனின் ஈஸ்ட் ஹாமிலோ ஹாரோவிலோ தமிழ் வாசகர் வந்து நின்றால் அந்தப் பகுதியைத் திறந்து கொடுங்கள். கூவமும் அடையாறும் கொசஸ்தலையாறும் அங்கே இருக்கின்றன.

இன்னொன்று. 2014 முதல் எந்த நாட்டவர் ஆங்கிலத்தில் எழுதிய நாவலும், பிரிட்டனிலோ (2018 முதல் அயர்லாந்திலோ) வெளியாகியிருந்தால், புக்கருக்குப் போட்டியிடலாம். பரிசு முத்திரை பார்த்து அடுக்கினால் 2023இல் புக்கர் வென்ற அயர்லாந்துக்காரரான பால் லிஞ்ச் உங்கள் ‘பிரிட்டிஷ்’ மேசைக்கு வந்துவிடுவார். 2024இல் புனைவுக்கான பெண்கள் பரிசு வென்ற வி.வி. கணேசானந்தனும் அப்படித்தான்: எழுதியது யாழ்ப்பாணத்தைப் பற்றி, எழுதியவர் அமெரிக்கர். நல்ல நூல்தான், மேசைதான் தப்பு.

ஆகவே அட்டையில் நான்கே வரி: எத்தனை பக்கம், எந்தக் காலம் எந்த இடம், எங்கே இடறும், யாருக்கு ஒத்துவராது. பின்பக்கம் காலியாகவே இருக்கட்டும். பாதியில் நிறுத்தியவர்கள் நிறுத்திய பக்க எண்ணை அங்கே குறிக்கட்டும். நாலைந்து பேர் ஒரே இடத்தில் நின்றிருந்தால் அந்த எண்ணை முன்பக்கத்துக்கு மாற்றிவிடுங்கள்.

இப்படிக்கு,
வாசிப்புக் குழுக்களின் வாசகர்கள் சிலர்