கலைவிழா அறிவிப்பாளர் பற்றிப் பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்பான பெற்றோருக்கு,

வணக்கம். கலைவிழா நிகழ்ச்சி நிரலைப் போன சனிக்கிழமை பிள்ளைகளிடம் கொடுத்தனுப்பினோம். அன்றிரவே எனக்கு மூன்று அழைப்புகள் வந்தன. மூன்றும் ஒரே விஷயத்துக்குத்தான். இந்த வருட அறிவிப்பாளர்கள் இருவரில் ஒருவராக நாம் தெரிவு செய்திருக்கும் ஏழாம் வகுப்பு மாணவிக்கு ஓட்டிசம் (ஆட்டிசம்; மற்றவர்களோடு பழகுவதிலும் சத்தம், வெளிச்சம் போன்றவற்றை உணர்வதிலும் மூளை வேறு விதமாக வேலை செய்யும் பிறவி இயல்பு) இருக்கிறது. அவரிடமும் அவருடைய அம்மா அப்பாவிடமும் கேட்டு, அவர்கள் சரி என்ற பிறகுதான் இதை எழுதுகிறேன்.

அழைத்தவர்கள் யாரும் கெட்ட எண்ணத்தோடு பேசவில்லை. "வெளியாட்கள் வருவினம், விழா குழம்பிப் போகும்" என்றார் ஒருவர். மற்ற இருவரும், "பாவம் ரீச்சர், அந்தப் பிள்ளையை ஏன் மேடையில ஏத்திக் கஷ்டப்படுத்துறீங்கள்?" என்று கேட்டார்கள். குழப்பம் வரும் என்றவருக்கு அப்போதே பதில் சொல்லிவிட்டேன். 'பாவம்' என்ற சொல்தான் மனதை விட்டுப் போகவில்லை.

பிபிசியில் ஸ்பிரிங்வாட்ச் என்ற நேரலை இயற்கை நிகழ்ச்சியைப் பிள்ளைகளோடு இருந்து பார்த்திருப்பீர்கள். பறவைக் கூடு, நரிக்குட்டி, வௌவால் என்று எதைக் காட்டினாலும் அதன் வால் நுனி வரை விளக்கம் சொல்லும் தொகுப்பாளர் கிறிஸ் பாக்கத்தையும் தெரிந்திருக்கும். அவருக்கு ஓட்டிசம் இருக்கிறது. 1986இல் சிறுவர்களுக்கான விலங்கு நிகழ்ச்சி ஒன்றில் தொகுப்பாளராகத் தொடங்கியவர், 2005இல் தன்னுடைய 44ஆவது வயதில்தான் இதைத் தெரிந்துகொண்டார். பிறகு 2017இல் ஓர் ஆவணப்படம் எடுத்து, இத்தனை வருடமும் தொலைக்காட்சியில் மற்றவர்களைப் போலக் காட்டிக்கொள்ளத் தான் பட்ட பாட்டை வெளிப்படையாகச் சொன்னார். நேரலை என்பது லேசான வேலையில்லை. காதில் ஒரு குரல், முன்னால் கமெரா, வலப்பக்கத்தில் இன்னொரு தொகுப்பாளர். அதை வருடக்கணக்காகச் செய்துவரும் ஒருவரைப் பார்த்து யாரும் பாவம் என்று சொல்வதில்லை.

அவருடன் தொகுத்து வழங்கும் மிக்கேலா ஸ்ட்ராக்கனைக் கவனித்திருக்கிறீர்களா? இருவரும் தொண்ணூறுகளில் அந்தச் சிறுவர் நிகழ்ச்சியிலேயே ஒன்றாக வேலை செய்தவர்கள். பழகிய ஒருவர் பக்கத்தில் நிற்பது எவ்வளவு பெரிய துணை என்று எனக்கு இப்போதுதான் விளங்குகிறது. நம் மாணவியும் முதலில் கேட்டது அதைத்தான்: மற்ற அறிவிப்பாளராகத் தன் சிநேகிதியே வேண்டும் என்றார்.

ஆனால் வெளியுலகம் பாக்கத்தை எப்போதும் நல்லபடி நடத்தவில்லை. 2021 ஒக்டோபரில், தென் இங்கிலாந்தின் நியூ ஃபொரஸ்ட் பகுதியில் உள்ள அவருடைய வீட்டு வாசலில் ஒரு வாகனத்தைக் கொண்டுவந்து கொளுத்தினார்கள். வேட்டைக்கு எதிராக அவர் பேசிவருவதால் அவருக்கு நிறைய எதிரிகள். கொள்கையில் முரண்படுவது அவரவர் உரிமை. ஆனால் அவரைப் பற்றிப் பொய் எழுதியவர்கள் மேல் அவர் தொடுத்த அவதூறு வழக்கில், 2023 மே மாதம் லண்டன் உயர் நீதிமன்றம் அவருக்கு 90,000 பவுண் இழப்பீடு வழங்கியது. எதிர்த்தரப்பினர் அவருடைய ஓட்டிசத்தையும் இழுத்துக் கேவலமாகப் பேசியதை நீதிபதி தீர்ப்பிலேயே கண்டித்தார். ஒருவர் சொல்வது பிடிக்காவிட்டால் அவருடைய மூளையைப் பழிப்பது, அதுவும் வளர்ந்தவர்கள். நம் வகுப்புகளிலும் 'ரோபோ' என்ற சொல் இந்தத் தவணையில் இரண்டு தடவை என் காதில் விழுந்தது. சொன்ன பிள்ளைகளின் பெற்றோருடன் பேசியாயிற்று.

நல்லதும் நடந்திருக்கிறது. ஐடிவியின் 'த சேஸ்' வினாடிவினாவில் போட்டியாளர்களைக் கலங்கடிக்கும் ஆன் ஹெகர்ட்டியை எல்லோருக்கும் தெரியும். 2018இல் அவர் பிரபலங்களைக் காட்டில் தங்கவைக்கும் நிகழ்ச்சிக்குப் போனார். ஆரம்பத்திலேயே தாங்க முடியாமல் அழுதுவிட்டார். தனக்கு ஓட்டிசம் இருப்பதை உடன் இருந்தவர்களிடம் சொன்னார். அவர்கள் அவரைச் சுற்றி நின்று ஆறுதல் சொன்னார்கள். அன்று போய்விடுவார் என்றே நினைத்தேன். இல்லை, தங்கி, ஏழாவது இடம் வரை வந்தார். கூட இருந்தவர்களின் ஐந்து நிமிட அன்புக்கு அவ்வளவு பலன்!

பெண் பிள்ளைகளைப் பெற்றவர்களுக்கு இன்னொரு விஷயம். தொலைக்காட்சித் தொகுப்பாளர் மெலனி சைக்ஸுக்குத் தனக்கு ஓட்டிசம் இருப்பது 51 வயதில்தான் தெரியவந்தது. தொலைக்காட்சியில் வரும் மொடல் கிறிஸ்டீன் மகின்னஸுக்கு, தன்னுடைய மூன்று பிள்ளைகளுக்கும் ஓட்டிசம் என்று கண்டறியப்பட்ட பிறகு. பெண் பிள்ளைகள் மற்றவர்களைப் பார்த்துப் பார்த்து அப்படியே நடந்து மறைத்துவிடுகிறார்கள். "அமைதியான பிள்ளை, ஒரு தொந்தரவும் இல்லை" என்று நாமும் அறிக்கையில் எழுதிவிட்டுப் போய்விடுகிறோம். வீட்டுக்குப் போனதும் கதவைப் பூட்டிக்கொண்டு அழும் பிள்ளையை அம்மா மட்டும்தான் அறிவார். உங்கள் வீட்டில் அப்படி ஒரு பிள்ளை இருந்தால், "ஆர் என்ன சொல்லுவினமோ" என்று ஒளிக்காமல் என்னிடம் வந்து பேசுங்கள். கதைத்தது என் அறையைத் தாண்டிப் போகாது.

நானும் பிழை செய்திருக்கிறேன். பல வருடங்களுக்கு முன், திருக்குறள் ஒப்புவித்த ஒரு பையனிடம் "என் கண்ணைப் பார்த்துச் சொல்" என்று வற்புறுத்தினேன். பத்துக் குறளும் பிழையில்லாமல் தெரிந்தவன், அன்று ஒன்றுகூடச் சொல்லாமல் தன் இடத்தில் போய் இருந்தான். அடுத்த வாரம் வகுப்புக்கு வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை.

அப்புறம், ஓட்டிசம் இருந்தால் எதையும் செய்யலாம் என்றும் நான் சொல்லவில்லை. பணியிடத்தில் தகாத விதமாக நடந்துகொண்டதாகக் குற்றம் சாட்டப்பட்ட ஒரு தொகுப்பாளரின் விஷயத்தில் 2025இல் ஓட்டிசம் ஒரு விளக்கமாகப் பேசப்பட்டபோது, அதை முதலில் மறுத்தவர்களில் ஓட்டிசம் உள்ளோருக்காக வேலை செய்யும் அமைப்புகளும் இருந்தன. மரியாதை எல்லோருக்கும் ஒன்றுதான். நம் மாணவியும் ஒத்திகைக்குப் பிந்தி வந்தால் மற்றவர்களைப் போலத்தான் மன்னிப்புக் கேட்பார். இதுவரை ஒருநாளும் பிந்தியதில்லை.

ஒத்திகையை நேரில் பார்த்தேன். மேலங்கியின் கயிற்று நுனியை விரலில் சுற்றிக்கொண்டு, சபையைப் பார்க்காமல் எதிர்ச்சுவர் மணிக்கூட்டைப் பார்த்து அறிவித்தார். மிருதங்கத்துக்குச் சுருதி சேர்த்தபோது இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். பிறகு கையை எடுத்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். 23 நிகழ்ச்சிகளின் பெயரும் தாளில்லாமல் வந்தன. 'தமிழ்', 'குழல்', 'யாழ்' எல்லாவற்றிலும் ழகரம் அவ்வளவு சுத்தம். நான் அவரைத் தெரிவு செய்தது அதற்காகத்தான், இரக்கத்துக்காக அல்ல.

விழாவன்று சில ஒழுங்குகள் செய்கிறோம். மேடைக்குப் பின்னால் ஓர் அமைதியான அறை இருக்கும், எந்தப் பிள்ளையும் பாவிக்கலாம். ஒலிபெருக்கிச் சத்தத்தைக் குறைப்போம். மேடைக்கு அருகே வந்து ஃபிளாஷ் போட்டுப் படம் எடுக்க வேண்டாம். அறிவிப்பாளர்களைக் காணொளி எடுத்து வாட்ஸ்அப் குழுக்களில் போடவும் வேண்டாம். இடையில் அவர் சற்று நிறுத்தினால் பின்வரிசையிலிருந்து "சொல்லு பிள்ளை" என்று குரல் கொடுக்காதீர்கள். அவர் தானாகத் தொடர்வார்.

கடைசியாக, உங்களுக்கு அனுப்பிய நிரலில் 14ஆவது நிகழ்ச்சியின் நேரம் பிழையாக அச்சாகியிருக்கிறது. ஆசிரியர்கள் நான்கு பேர் படித்தும் கண்ணில் படவில்லை, அவர்தான் கண்டுபிடித்தார். திருத்திய பிரதியை இத்துடன் இணைத்திருக்கிறேன்.

அன்புடன்,
தலைமையாசிரியை