இளங்கோவுக்கு: உன் பழைய மடிக்கணினி பற்றி

அன்புள்ள இளங்கோவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கு எல்லோரும் நலம். நீ பிளஸ் டூ படித்தபோது அரசு தந்த மடிக்கணினியைக் காயலான் கடையில் போட்டுவிடச் சொல்லியிருந்தாய். நான் போடவில்லை. அது இப்போது, விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய இலவச இயங்குதளமான லினக்ஸின் ஒரு வகையாகிய டெபியனில் ஓடுகிறது. மாலையில் நம் வீட்டுக்குப் படிக்க வரும் பிள்ளைகள் அதில்தான் தட்டச்சு பழகுகிறார்கள். விண்டோஸ் 11 போட முடியாத மடிக்கணினிகளை உங்கள் அலுவலகத்தில் கழித்துக்கட்டப் போகிறார்கள் என்றும் நீ சொன்னாய் அல்லவா, அதனால்தான் தொலைபேசியில் அரைகுறையாகச் சொல்லாமல் விரிவாக எழுதுகிறேன்.

அந்த மடிக்கணினி மெதுவாகிவிட்டது என்று நீ சொன்னது உண்மைதான். ஆனால் அதில் எந்தப் பகுதி மெதுவானது என்று பிரித்துப் பார்க்க வேண்டும். அதன் பென்டியம் செயலி 2012-ல் எந்த வேகத்தில் கணக்குப் போட்டதோ அதே வேகத்தில்தான் இன்றும் போடுகிறது. நிமிடத்துக்கு 5400 முறை சுழலும் ஹார்ட் டிஸ்க், 2 ஜிபி ரேம், விசிறியின் காற்றுவழியை அடைத்திருந்த தூசி, செயலியின் வெப்பத்தைக் கடத்தும், ஆனால் காய்ந்து பொரிந்துபோன தெர்மல் பேஸ்ட் ஆகியவைதான் அதைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டிருந்தன. ரேம் போதாதபோது இயங்குதளம் ஹார்ட் டிஸ்க்கின் ஒரு பகுதியையே ரேமைப் போலப் பயன்படுத்துகிறது. ஹார்ட் டிஸ்க்கோ ரேமைவிடப் பல்லாயிரம் மடங்கு மெதுவானது என்பதால், உலாவியில் நான்கைந்து பக்கங்களைத் திறந்தவுடன் இயந்திரம் உறைந்ததுபோல் நின்றுவிட்டது. இதற்கு மேல், விண்டோஸ் 7-க்கான ஆதரவு 2020 ஜனவரி 14-ஆம் தேதியோடு முடிந்தது. 2023-இன் தொடக்கத்தில் குரோமும் அதைக் கைவிட்டது. உலாவி பழையதாகிவிட்டால் இணையத்தில் பாதி வேலை நடக்காது, நடக்கும் மீதியும் பாதுகாப்பாக இருக்காது.

அந்த மடிக்கணினியில் லினக்ஸ் முதலிலிருந்தே இருந்தது என்பது உனக்கு நினைவிருக்கிறதா? இயக்கியவுடன் விண்டோஸ் வேண்டுமா, பாஸ் வேண்டுமா என்று கேட்கும் பட்டியல் ஒன்று வரும். பாஸ் என்பது மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் டெபியனை அடிப்படையாகக் கொண்டு உருவாக்கிய லினக்ஸ். பிள்ளைகள் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவேயில்லை. ஆசிரியர்களாகிய எங்களுக்கும் யாரும் அதைச் சொல்லித்தரவில்லை. அத்தனை ஆயிரம் வீடுகளுக்குள் போய்ச் சேர்ந்த ஒரு நல்ல கருவி, சொல்லித்தர ஆளில்லாமல் கிடந்ததை நினைத்தால் எனக்கு இன்றும் வருத்தமாக இருக்கிறது.

உனக்கு நான் முதலில் சொல்ல வேண்டியது 32 பிட், 64 பிட் பற்றி, அதாவது செயலி ஒரே நேரத்தில் கையாளும் எண்ணின் அளவைப் பற்றி. உன் மடிக்கணினியில் இருந்தது விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர். அந்தப் பதிப்பு 32 பிட்டில் மட்டுமே வெளிவந்தது. ஆகவே விண்டோஸின் விவரப் பக்கத்தைப் பார்க்கிறவர்கள் இயந்திரமே 32 பிட்தான் என்று முடிவுகட்டிவிடுவார்கள். இயங்குதளத்தைப் பார்த்துச் செயலியைத் தீர்மானிக்கக் கூடாது. ஏதேனும் ஒரு லினக்ஸைப் பென் டிரைவிலிருந்து இயக்கி, டெர்மினலில் 'எல்எஸ்சிபியூ' என்ற கட்டளையை ஆங்கில எழுத்துகளில் கொடுத்தால், செயலி எந்தெந்த முறைகளில் ஓடும் என்பது மேலேயே தெரிந்துவிடும். உன்னுடையது 64 பிட் செயலிதான். இத்தனை ஆண்டுகளாக விண்டோஸ் அதில் பாதியைத்தான் பயன்படுத்திக்கொண்டிருந்தது.

இந்த ஒரு விஷயம் ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்குச் சித்தப்பாவின் சின்ன நெட்புக் நல்ல உதாரணம். அதில் இருப்பது 2008-ல் வந்த ஆட்டம் என்270. அது 32 பிட் மட்டுமே தெரிந்த செயலி, கூடவே 1 ஜிபி ரேம். லினக்ஸ் எல்லாப் பழைய கணினிகளையும் என்றென்றைக்கும் தாங்கும் என்று பலர் சொல்வார்கள். அது சரியல்ல. லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-ல் எந்த 386 செயலியில் லினக்ஸை எழுதத் தொடங்கினாரோ, அந்தச் செயலிக்கான ஆதரவையே 2012-ல் லினக்ஸின் மையப்பகுதியான கெர்னலிலிருந்து நீக்கிவிட்டார்கள். 32 பிட்டுக்கும் இப்போது அந்தக் காலம் நெருங்கிக்கொண்டிருக்கிறது. 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13-ல் 32 பிட் கணினிகளுக்கான நிறுவி இல்லை. ஃபயர்ஃபாக்ஸ் 145-ஆம் பதிப்பிலிருந்து 32 பிட் லினக்ஸுக்கு வெளிவருவதில்லை. எனவே நெட்புக்கில், டெபியன் 12-ஐ ஒட்டி உருவான ஆன்டிஎக்ஸ் 23 என்ற சிக்கனமான லினக்ஸைப் போட்டிருக்கிறேன். அதில் இணையம் வேண்டாம், எழுதவும் படம் வரையவும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள் என்று சித்தப்பாவிடம் சொல்லிவிட்டேன். டக்ஸ் பெயின்ட் என்ற படம் வரையும் நிரல் அதில் தடையில்லாமல் ஓடுகிறது.

உன் மடிக்கணினிக்குத் திரும்புகிறேன். மென்பொருளைத் தொடுவதற்கு முன் அதன் உடம்பைச் சரிசெய்தேன். ஹார்ட் டிஸ்க் தன்னைப் பற்றித் தானே குறித்துவைக்கும் கணக்கை 'ஸ்மார்ட்சிடிஎல்' என்ற கருவியால் படித்தபோது, பழுதாகி மாற்று இடம் ஒதுக்கப்பட்ட செக்டர்களின் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போவது தெரிந்தது. அப்படிப்பட்ட டிஸ்க்கில் எதையும் நம்பிப் போட முடியாது. உன் கல்லூரிப் புகைப்படங்கள் அனைத்தையும் முதலில் வேறோர் இடத்தில் சேமித்துவிட்டு, அந்த டிஸ்க்குக்குப் பதிலாக, சுழலும் பாகமே இல்லாத 240 ஜிபி எஸ்எஸ்டி ஒன்றைப் பொருத்தினேன். சென்னை ரிச்சி தெருவிலிருந்து 4 ஜிபி பழைய ரேம் ஒன்றும் வந்தது. ரேம் வாங்கும்போது வோல்டேஜைப் பார்க்க வேண்டும் என்பதை நினைவில் வை. டிடிஆர்3 என்பது 1.5 வோல்ட், டிடிஆர்3எல் என்பது 1.35 வோல்ட். இரண்டும் ஒரே வடிவில் இருக்கும். எல் வகை பெரும்பாலும் 1.5 வோல்ட் பலகையிலும் வேலை செய்யும், ஆனால் 1.35 வோல்ட்டை மட்டுமே ஏற்கும் பலகையில் பழைய வகையைச் செருகினால் கணினி விழிக்காது. எஸ்எஸ்டி, ரேம், தெர்மல் பேஸ்ட் எல்லாம் சேர்ந்தும் புது மடிக்கணினியின் விலையில் சிறு பகுதிதான் ஆனது. இரண்டில் ஒன்றுக்குத்தான் பணம் இருக்கிறது என்றால் எஸ்எஸ்டிதான் முதலில் என்பது என் திடமான கருத்து.

இன்னொன்றும் மாற்றினேன், அது மிகச் சிறியது. உள்ளே சிஆர்2032 என்ற காசு வடிவ மின்கலம் இருக்கும். அது செத்துவிட்டால் மின்னிணைப்பை எடுத்தவுடன் கணினி தேதியை மறந்து பல ஆண்டுகள் பின்னே போய்விடும். இணையதளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ்கள் தேதியை வைத்தே சரிபார்க்கப்படுவதால், தேதி தவறினால் எந்தத் தளமும் திறக்காமல் எச்சரிக்கை மட்டுமே வரும். அதைப் பார்த்துவிட்டு லினக்ஸே சரியில்லை என்று கைவிட்டவர்களை எனக்குத் தெரியும். கடைத்தெருவில் எந்தக் கடிகாரக் கடையிலும் அந்த மின்கலம் கிடைக்கும்.

நிறுவுவதற்கு டெபியன் 13-ஐயும் எக்ஸ்எஃப்சிஇ திரைச்சூழலையும் தேர்ந்தெடுத்தேன். பழைய கணினிக்கென்றே உள்ள லினக்ஸ் வகைகள் பல இருக்க, டெபியன் எதற்கு என்று நீ கேட்பாய். 64 பிட் செயலியும் 6 ஜிபி ரேமும் உள்ள இயந்திரத்துக்கு அவ்வளவு சிக்கனம் தேவையில்லை. பாதுகாப்புத் திருத்தங்கள் 2030 வரை வரும் என்பதும், நான் இல்லாதபோதும் யாராவது கவனித்துக்கொள்ளும் அளவுக்குப் பலருக்கும் பழக்கமான ஒன்று என்பதும் எனக்குப் பெரிதாகப் பட்டன. அதோடு, டெபியனின் நிறுவியில் தமிழைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். கணித ஆசிரியையாகப் பணியாற்றி ஓய்வு பெற்ற எனக்கு, ஒரு கணினி தன் வட்டைப் பிரிக்கலாமா என்று தமிழில் கேட்டது மிகுந்த நிறைவைத் தந்தது.

வைஃபை விஷயத்தில் முன்பெல்லாம் எல்லோரும் திண்டாடினார்கள். பல வைஃபை சில்லுகள், தமக்குள் ஏற்றப்படும் ஃபர்ம்வேர் என்ற சிறு நிரல் கோப்பு இல்லாமல் எழுந்திருக்காது. அந்தக் கோப்புகள் யாரும் மாற்றவும் பகிரவும் அனுமதிக்கும் கட்டற்ற உரிமத்தில் இல்லை என்பதால் டெபியன் அவற்றை நிறுவியில் சேர்க்காமல் இருந்தது. இணையம் இருந்தால்தான் கோப்பை இறக்க முடியும், கோப்பு இருந்தால்தான் இணையம் வரும் என்ற நிலை. 2022-ல் டெபியன் உறுப்பினர்கள் வாக்கெடுப்பு நடத்தி அந்த விதியைத் தளர்த்தினார்கள். 2023-ல் வந்த டெபியன் 12 முதல் ஃபர்ம்வேர்கள் நிறுவியிலேயே இருக்கின்றன. கட்டற்ற மென்பொருளில் பிடிவாதமாக இருப்பவர்கள்மீது எனக்கு மரியாதை உண்டு. ஆனாலும் பழைய கணினியை வைத்துக்கொண்டு போராடும் ஒருவருக்கு இந்த முடிவு செய்த உதவி பெரிது.

காணொளி தடங்கித் தடங்கி ஓடியதற்குக் காரணம் வேறு. யூடியூப் இப்போது பெரும்பாலும் விபி9, ஏவி1 என்ற புதிய சுருக்க வடிவங்களில் காணொளியை அனுப்புகிறது. உன் மடிக்கணினியின் சில்லுக்கு அவற்றை வன்பொருளாலேயே விரிக்கத் தெரியாது, பழைய எச்.264 வடிவத்தை விரிக்கத் தெரியும். எச்.264 வடிவத்தையே கேட்டு வாங்கும் நீட்சி ஒன்றை ஃபயர்ஃபாக்ஸில் சேர்த்த பிறகு, 720பி காணொளி விசிறி இரையாமல் ஓடுகிறது.

பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்தது தட்டச்சுதான். டெபியனின் விசைப்பலகைப் பட்டியலில் தமிழ்99 என்ற தமிழ் விசை அமைப்பு ஏற்கெனவே இருக்கிறது, ஆனால் அது தானாகப் புள்ளி வைக்காது. ஐபஸ் என்ற உள்ளீட்டு நிரல் வழியாக எம்17என் என்ற விசை அமைப்புத் தொகுப்பைச் சேர்த்தால்தான் முழுமையான தமிழ்99 கிடைக்கும். அ, ம, ம, ஆ என்று நான்கு விசைகளை வரிசையாகத் தட்டினால் முதல் மகரத்துக்குத் தானே புள்ளி விழுந்து 'அம்மா' என்று வந்து நிற்கிறது. ஆங்கில எழுத்துகளில் தட்டிப் பழகிய பிள்ளைகள்கூட இதற்கு விரைவில் மாறிவிட்டார்கள். இணையம் இல்லாத நேரத்துக்காக, தமிழ் விக்கிப்பீடியா முழுவதையும், இணையமின்றிப் படிக்க உதவும் கிவிக்ஸ் நிரலுக்கான கோப்பாக இறக்கி அந்த மடிக்கணினியில் வைத்திருக்கிறேன். கிவிக்ஸின் சர்வர் நிரலை இயக்கிவிட்டால், வீட்டு வைஃபையில் இணைந்த எந்தக் கைப்பேசியிலிருந்தும் அதைப் படிக்கலாம்.

இனி நான் உன்னிடம் கேட்பது. உங்கள் அலுவலகத்தில் கழிக்கப்படுபவை ஆறாம், ஏழாம் தலைமுறை இன்டெல் இயந்திரங்கள் என்றால், அவை எட்டாம் தலைமுறைக்கு முந்தியவை என்ற காரணத்துக்காகத்தான் பெரும்பாலும் விண்டோஸ் 11 அவற்றை ஏற்கவில்லை. 8 ஜிபி ரேம் உள்ள அத்தகைய இயந்திரம் லினக்ஸில் இன்னும் பல ஆண்டுகள் ஓடும். இரண்டு கிடைத்தாலும் போதும், ஒன்று நம் பிள்ளைகளுக்கு, மற்றொன்று ஊர் நூலகத்துக்கு. முறையாகக் கேட்டு, வெளியே எடுத்துச்செல்லும் அனுமதிக் கடிதத்தோடு வாங்கு.

இந்தக் கடிதத்தோடு உள்ள பென் டிரைவில் டெபியனை நிறுவாமலே இயக்கிப் பார்க்கும் வசதி இருக்கிறது. அதன் ஐஎஸ்ஓ கோப்பு பழுதில்லாமல் வந்திருக்கிறதா என்று ஷா256 என்ற சரிபார்ப்புத் தொகையால் பார்த்துவிட்டேன். இயந்திரத்தை வாங்கும் முன் அதில் இயக்கி, வைஃபை, ஒலி, திரை வெளிச்சம் ஆகியவற்றையும், மூடித் திறந்தால் விழிக்கிறதா என்பதையும் பார். அடிப்பாகம் உப்பியிருந்தால் பேட்டரி வீங்கியிருக்கிறது என்று பொருள், அதைக் கையில் தொடாதே. அலுவலகத் தரவுகளை அவர்களே அழித்துத் தரட்டும். கணினி தொடங்கும்போதே கேட்கும் பயாஸ் கடவுச்சொல்லையும் அவர்களையே நீக்கித் தரச் சொல், வீட்டுக்கு வந்த பிறகு அதை எடுப்பது பெரும்பாடு. அந்தந்த இயந்திரத்துக்குரிய சார்ஜரையும் கேட்டு வாங்கிக்கொள். பொங்கலுக்கு வரும்போது எடுத்து வந்தால், விடுமுறையிலேயே இரண்டையும் சேர்ந்து நிறுவிவிடலாம்.

இப்படிக்கு,
அன்புடன் அம்மா