பின்பக்கக் கார் பார்க்கில் டிக்கெட் வாங்கியவர்களுக்கு

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

போன மாதம் ஒரு சனிக்கிழமை, மரக்கறிப் பெட்டிகள் வந்து இறங்கிக்கொண்டிருந்த நேரம், ஒரு அக்கா கையில் கடிதத்தோடு கல்லாவுக்கு வந்தார். "தம்பி, உங்கட கடையில நாலு பவுணுக்கு முருங்கைக்காய் வாங்கினன். அதுக்கு நூறு பவுண் தண்டமாம்" என்றார். எங்கள் பின்பக்கக் கார் பார்க்கில் அவருடைய காரின் பின்சக்கரம் வெள்ளைக் கோட்டில் ஏறி நின்றதாகப் படமும் போட்டிருந்தார்கள். அவருக்குப் பிறகு இதே கதையோடு ஆறேழு பேர் வந்துவிட்டீர்கள். வரிசையில் ஆட்களை நிறுத்திவைத்துக்கொண்டு ஒவ்வொருவருக்கும் அரைகுறையாகச் சொல்வதைவிட, தெரிந்ததை எழுதியே தந்துவிடலாம் என்று நினைத்தோம்.

அன்றிரவு கடை பூட்டிய பிறகு, அளவு நாடாவை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனோம். கார் நிறுத்தும் கட்டங்கள் 2.4 மீற்றர் அகலம், 4.8 மீற்றர் நீளம். பிரிட்டனில் பல காலமாகக் கார் பார்க்குகளுக்குக் கோடு போடும் வழக்கமான அளவு இதுதான். தூணோரம் இருக்கும் கட்டம் மட்டும் தூண் தின்றது போக 2.15 மீற்றர்தான் தேறியது. டிக்கெட் வாங்கியவர்களில் மூன்று பேர் அந்தக் கட்டத்தில் நிறுத்தியவர்கள்.

கோடு மாறவில்லை, கார்தான் கொழுத்துவிட்டது. 1959இல் வந்த முதல் மினி கார் 1.4 மீற்றர் அகலம், மூன்று மீற்றரை ஒட்டிய நீளம். இன்றைய ரேஞ்ச் ரோவர் கண்ணாடிகளை மடித்தாலே இரண்டு மீற்றருக்கு மேல், விரித்தால் 2.2 மீற்றர். நீளம் ஐந்து மீற்றரைத் தாண்டுகிறது. எவ்வளவு கெட்டிக்காரச் சாரதி ஓட்டினாலும் அதன் மூக்கோ வாலோ 4.8 மீற்றர் கட்டத்துக்கு வெளியேதான் நிற்கும். நட்ட நடுவில் நிறுத்தினாலும் இரண்டு பக்கமும் ஒரு சாண் கூட மிஞ்சாது. அதற்குள் கதவைத் திறந்து, பிள்ளையை இருக்கையிலிருந்து கழற்றி, பத்துக் கிலோ அரிசி மூட்டையையும் ஏற்ற வேண்டும்.

இன்னொன்று: பக்கத்துக் கார் கோட்டில் ஏறி நின்றால் நீங்களும் கொஞ்சம் தள்ளித்தான் நிறுத்துவீர்கள். அவர் பத்து நிமிடத்தில் போய்விடுவார். அதன்பின் படம் எடுப்பவருக்கு நீங்கள் மட்டும்தான் கோணலாகத் தெரிவீர்கள். ஆகவே கோட்டைத் தொடாமல் நிறுத்த முடியவில்லை என்றால், இறங்கியவுடன் பக்கத்துக் காரும் கோடும் சேர்ந்து தெரிகிற மாதிரி கைபேசியில் ஒரு படம் எடுத்து வையுங்கள். பின்னால் எழுதும் நீண்ட கடிதத்தைவிட அந்தப் படத்துக்குப் பெறுமதி அதிகம்.

"கட்டம் சின்னது" என்று மட்டும் எழுதி வென்றுவிடலாம் என்று நினைக்காதீர்கள். தனியார் கார் பார்க்கின் கட்டம் குறைந்தது இவ்வளவு இருக்க வேண்டும் என்று இங்கிலாந்தில் சட்டம் இல்லை. இடம் போதாவிட்டால் வேறு இடம் பார்த்திருக்கலாமே என்பதுதான் பதிலாக வரும். ஆனால் கோடு தேய்ந்து மறைந்திருப்பது, தூண் இடத்தைப் பிடித்திருப்பது, அறிவிப்புப் பலகை இருட்டில் வாசிக்க முடியாமல் இருப்பது, கட்டத்துக்குள் நிறுத்த வேண்டும் என்று பலகையில் எழுதாமலே இருப்பது, இவற்றுக்குக் கனம் உண்டு. அளவை இவற்றோடு சேர்த்து எழுதுங்கள்.

சரி, எந்த டிக்கெட் என்று முதலில் பாருங்கள். கவுன்சில் தருவதும் பி.சி.என். (பெனால்டி சார்ஜ் நோட்டிஸ்), தனியார் கம்பனி அனுப்புவதும் பி.சி.என். (பார்க்கிங் சார்ஜ் நோட்டிஸ்). முதல் எழுத்துகள் ஒன்றாக இருப்பது தற்செயல் என்று நம்ப எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. கவுன்சிலுடையது சட்டப்படியான தண்டம். தனியாருடையது தண்டமல்ல. பலகையில் எழுதிய ஒப்பந்தத்தை மீறிவிட்டீர்கள் என்று அனுப்பும் பில்.

கடைக்கு முன்னால் வீதியோரக் கட்டங்கள் கவுன்சிலுடையவை. அங்கே கோடு தாண்டி நின்றதற்கான குறியீட்டு எண் 24. பதினான்கு நாட்களுக்குள் கட்டினால் பாதிப் பணம். கட்டாமல் அந்த நாட்களுக்குள்ளேயே எழுதி மறுத்தால், மறுப்பை ஏற்காவிட்டாலும் பெரும்பாலான கவுன்சில்கள் பாதிப் பணம் கட்டும் சலுகையைத் திரும்பவும் தருகின்றன. அதற்குப் பிறகும் விடாமல் போராட விரும்பினால் 'உரிமையாளருக்கான அறிவித்தல்' வரும்வரை காத்திருந்து, 28 நாட்களுக்குள் முறைப்படி மறுக்க வேண்டும். அதையும் நிராகரித்தால் லண்டனில் லண்டன் ட்ரிபியூனல்ஸ் என்ற சுயாதீனத் தீர்ப்பாயம் இருக்கிறது. அங்கே போகக் கட்டணம் இல்லை. ஆனால் முதலில் பணத்தைக் கட்டிவிட்டால் கதை அங்கேயே முடிந்துவிடும்.

பின்பக்கம் எங்கள் காணிச் சொந்தக்காரர் அமர்த்திய தனியார் கம்பனி. இவர்கள் கேட்கக்கூடிய உச்சம் வழக்கமாக 100 பவுண், 14 நாட்களுக்குள் என்றால் 60. முதலில் 28 நாட்களுக்குள் கம்பனிக்கே மேன்முறையீடு செய்யுங்கள். கண்ணாடியில் எதுவும் ஒட்டாமல் தபாலில் மட்டும் கடிதம் வந்திருந்தால் திகதியைப் பாருங்கள். நிறுத்திய நாளுக்கு மறுநாளிலிருந்து 14 நாட்களுக்குள் அது வந்து சேர்ந்திருக்க வேண்டும். பிந்தினால், ஓட்டியவர் யார் என்று தெரியாத நிலையில் கார் யார் பெயரில் பதிவாகியிருக்கிறதோ அவரிடம் பணம் கேட்கும் உரிமையை 2012ஆம் ஆண்டுச் சட்டம் அவர்களுக்குத் தராது. ஓட்டியவர் பெயரைத் தனியார் கம்பனிக்குச் சொல்லவேண்டிய கடமை உங்களுக்கு இல்லை. அதற்காகப் பொய் எழுதாதீர்கள், எழுதாமல் விட்டாலே போதும்.

கம்பனி மறுத்தால், அது சேர்ந்திருக்கும் சங்கத்தைப் பொறுத்து அடுத்த மேன்முறையீட்டைக் கேட்கும் அமைப்பு பொப்லா அல்லது ஐ.ஏ.எஸ். இரண்டாவது நம் ஊர் கலெக்டர் இல்லை, பயப்பட வேண்டாம். அங்கே போய்த் தோற்றால் 60 பவுண் சலுகை கிடைக்காது, முழுத் தொகைதான். அந்தக் கணக்கையும் பார்த்துவிட்டுப் போங்கள்.

கடிதத்தைக் குப்பையில் போட்டால் போதும் என்று கோயிலில் யாரோ சொன்னார்களாம். அது பழைய கதை. செம்ஸ்ஃபோர்டில் இரண்டு மணி நேர இலவச நிறுத்தத்தில் 56 நிமிடம் கூட நின்றவர், 85 பவுணுக்காக உச்ச நீதிமன்றம் வரை போனார். 2015 நவம்பரில் தோற்றார். பலகை தெளிவாக இருந்தால் தொகை பெரிதாக இருந்தாலும் செல்லும் என்றது தீர்ப்பு. கடன் வசூல்காரர்களின் சிவப்பெழுத்துக் கடிதங்கள் வெறும் சத்தம்தான், ஆனால் கவுண்டி கோர்ட் படிவம் வந்தால் 14 நாட்களுக்குள் பதில் அனுப்பியே ஆக வேண்டும். விட்டுவிட்டால் உங்கள் பக்கம் கேட்காமலே தீர்ப்பாகிவிடும். அந்தத் தீர்ப்புத் தொகையை ஒரு மாதத்துக்குள் கட்டாவிட்டால் ஆறு வருடம் கடன் பதிவில் கிடக்கும். வீட்டுக்கடன் எடுக்கப் போகிறவர்கள் இதைக் கவனியுங்கள்.

அப்புறம், எங்கள் தவறு ஒன்று. கார் எண்ணைப் பதியும் டேப்லெட்டைத் தேங்காய்ப் பெட்டிகளுக்குப் பின்னால் வைத்திருந்தோம். பதிய மறந்தவர்களும், பூச்சியத்துக்குப் பதில் 'ஓ' எழுத்தைத் தட்டியவர்களும் அதனால்தான் மாட்டினார்கள். இப்போது அது கல்லாவுக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஓர் எழுத்துப் பிழைக்காக வந்த டிக்கெட் என்றால் அப்படியே எழுதி, கடைப் பற்றுச்சீட்டையும் இணையுங்கள். இப்படியானவற்றை ரத்துச் செய்யும்படிதான் தனியார் கம்பனிகளின் நடத்தை விதியே சொல்கிறது.

யாருக்கு வந்தாலும் கட்டுவதற்கு முன் கடிதத்தையும் பற்றுச்சீட்டையும் எங்களிடம் காட்டுங்கள். பற்றுச்சீட்டு தொலைந்திருந்தால், அட்டையில் கட்டியவர்களுக்கு நேரத்தை வைத்துத் தேடி எடுத்துத் தருவோம். உங்களுக்காகக் காணிச் சொந்தக்காரருக்கு நாங்களே எழுதுகிறோம். இதுவரை எழுதிய ஐந்தில் மூன்றை ரத்துச் செய்தார்கள். முருங்கைக்காய் அக்காவுடையதற்கு இன்னும் பதில் இல்லை.

தூணோரக் கட்டத்தை மூடிவிடும்படியும் கேட்டிருக்கிறோம். அதுவரை அதில் சிவப்புக் கூம்பு ஒன்று நிற்கும். தயவுசெய்து யாரும் அதைத் தள்ளிவைத்துவிட்டு நிறுத்தாதீர்கள்.

அன்புடன்,
உங்கள் கடைக்காரர்